புதுக் கணினிக்கான அமைப்பு நிரல்கள்: ஒரு மதிப்பீடு

மென்பொருள் எழுதுபவர் புதிதாக ஒரு கணினி வாங்கினால் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட முடிவதில்லை. நிரல்மொழி, அதன் சரியான பதிப்பு, உரைத்திருத்தி, கிட், தரவுத்தளம், எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு, களஞ்சியங்களுக்கான சாவிகள் என ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கையால் செய்தால் பழகியவருக்கே அரை நாள் போய்விடும். புதியவருக்கு ஒரு வாரம்கூடப் போதாது. இந்த வேலைகளை எல்லாம் கட்டளைகளாக ஒரே கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, புதுக் கணினியில் அதை ஒருமுறை இயக்கினால் தானே அமைந்துவிடும்படி செய்யும் நிரலை இக்கட்டுரை 'அமைப்பு நிரல்' என்று குறிக்கிறது.

இணையத்தில் இத்தகைய நிரல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எப்படி இயக்குவது என்று சொல்லும் குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை. அவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, யாருக்குப் பயன்படாமல் போகின்றன என்பதையே இங்கே பார்க்கிறோம். அளவுகோலாக ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவர் சேர்வராயன் மலையில் நாகலூரிலோ வாழவந்தியிலோ இருந்து சேலத்துக் கல்லூரிக்குப் போய்வருகிறவர். வீட்டில் அதற்குமுன் யாரும் கணினி வைத்திருந்ததில்லை. இணையம் என்றால் கைப்பேசியின் தினசரி 1.5 ஜிபி. மே மாத இடிமழையில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

தோற்றம்

இந்த யோசனை பெரிய நிறுவனங்களில் பிறந்தது. நூறு சர்வர்களுக்கு நூறு முறை ஓஎஸ் போட யாருக்குப் பொறுமை இருக்கும்? ரெட் ஹேட் லினக்சின் கிக்ஸ்டார்ட், டெபியனின் பிரீசீட் ஆகியவை நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்த கோப்புகள். பிறகு 2005இல் லூக் கேனிஸ் உருவாக்கிய பப்பெட்டும், 2012இல் மைக்கேல் டீஹான் உருவாக்கிய ஆன்சிபிளும் நிறுவிய பிறகான அமைப்புகளையும் எழுத்தில் கொண்டுவந்தன. மேக் கணினிக்கு மேக்ஸ் ஹோவெலின் ஹோம்புரூ 2009இல் வந்தது. விண்டோசுக்கு மைக்ரோசாஃப்ட் 2020இல் அறிவித்து 2021இல் முதல் முழுப்பதிப்பாக வெளியிட்ட வின்கெட் இருக்கிறது.

சர்வருக்கான கருவியை மடிக்கணினிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு பாக்ஸன் நல்ல சான்று. கிட்ஹப் நிறுவனம் தன் ஊழியர்களின் மேக் கணினிகளுக்காக பப்பெட்டின் மேல் கட்டி 2013இல் பொதுவெளியில் விட்டது அது. ஒரே ஒரு மடிக்கணினியை அமைக்க ஒரு தனி மொழியையே கற்க வேண்டியிருந்தது. கொசு அடிக்கக் கோடாலி எடுத்த கதைதான். கடைசியில் பாக்ஸன் பராமரிப்பு இன்றிக் கைவிடப்பட்டது.

அதற்கு நேர் எதிராக நிற்பது அமெரிக்காவின் தாட்பாட் நிறுவனம் 2011 முதல் வைத்திருக்கும் 'லேப்டாப்' என்ற நிரல். ஒரே ஒரு ஷெல் கோப்பு. ஆங்கிலம் தெரிந்த எவரும் மேலிருந்து கீழே வாசித்துவிடலாம். அதன் அறிமுகக் குறிப்பு மூன்று படிகளைச் சொல்கிறது: முதலில் கோப்பைப் பதிவிறக்கு, அடுத்து திறந்து படி, அதன் பிறகு இயக்கு. இயக்கும்போது திரையில் ஓடுவதெல்லாம் ஒரு பதிவுக்கோப்பிலும் சேரும்படி கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. தவறு நேர்ந்தால் எங்கே என்று பிறகு பார்க்கலாம். எத்தனை முறை இயக்கினாலும் கெடுதல் இல்லை. அவரவர் விருப்பங்களுக்குத் தனிக் கோப்பு. இந்த வகையில் எழுதப்பட்டவற்றுள் இதைச் சிறந்ததாகச் சொல்லத் தயக்கமில்லை. ஒரே குறை, அது மேக் கணினிக்கு மட்டுமானது. நம் அளவுகோல் மாணவருக்கு அதைப் படிக்க மட்டுமே முடியும்.

தமிழ்நாட்டின் வட்டுப்படம்

தாட்பாட்டின் நிரல் தொடங்கிய அதே 2011ஆம் ஆண்டு, செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. தொடக்கத்தில் தரப்பட்ட கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம். முதல் பதிப்பு 2007இல் வெளிவந்தது. அதே 2007இல்தான் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசி லினக்சுக்கு மாற்றியது. ஆக, அந்த நிறுவனத்துக்குக் கட்டற்ற மென்பொருள் புதிதன்று.

இத்திட்டம் செய்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. மலைக்கிராமங்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். எந்த மாணவரும் எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. திறந்தால் வேலை செய்தது. லட்சக்கணக்கான கணினிகளுக்கு ஒரே அமைப்பு. தானாக அமையும் கணினி என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டைத் தமிழ்நாட்டில் காட்ட முடியாது.

சிக்கல் இரண்டாம் ஆண்டில் தொடங்கும். வைரஸ், மின்னழுத்தக் கோளாறு, வட்டுப் பழுது, அல்லது விளையாட்டுக்காக இடம் ஒதுக்கப்போய் எதையோ அழித்துவிட்ட தம்பி. காரணம் எதுவாகவும் இருக்கலாம். கணினி திறக்காது. மாணவரின் கையில் இருந்தது முடிந்துபோன ஒரு வட்டுப்படம். அது எந்தெந்தப் படிகளால் உருவானது என்ற எழுத்து அவரிடம் இல்லை. சுட்ட செங்கல் கையில் இருக்கிறது, மண்ணின் விகிதம் தெரியாது. ஆகவே அவர் கடைக்குப் போவார். கடைக்காரர் 'ஃபார்மட்' அடித்து, உரிமம் இல்லாத ஒரு விண்டோசைப் போட்டுக் கொடுப்பார். பாஸ் போய்விடும். தமிழ் விசைப்பலகை போய்விடும். இந்தக் காட்சியை ஊருக்கு ஊர் பார்த்தவர்கள் நிறைய.

கேரளம் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதிலிருந்து உருவான கைட் நிறுவனமும் உபுண்டுவை அடியாகக் கொண்டு பள்ளிகளுக்கான இயங்குதளத்தைத் தயாரித்தன. ஜியோஜீப்ரா போன்ற பாட மென்பொருள்களும் மலையாள உள்ளீடும் அதிலேயே சேர்ந்திருந்தன. 18.04 பதிப்பும் பிறகு வந்த 22.04 பதிப்பும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடப்பட்டன. அதுவும் வட்டுப்படம்தான். ஆனால் கெட்டுப்போனால் மறுபடி போட்டுக்கொள்ள வழி தெரிந்த ஆசிரியர் ஒருவர் பள்ளியிலேயே இருந்தார். தொழில்நுட்பத்தில் இரண்டு மாநிலங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பென் டிரைவ் யார் கையில் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

வட்டுப்படத்துக்கு உள்ள இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அது ஒரு நாளின் நிழற்படம். படம் எடுத்த மறுநாளே பழசாகத் தொடங்கும். அமைப்பு நிரலோ, நன்றாக எழுதப்பட்டிருந்தால், ஒரு வரியை மாற்றி இன்றைக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

செய்முறைப் பதிவேடு

அறிவியல் பிரிவில் படித்த எவரும் பதிவேடு எழுதியிருப்பார்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு. அமைப்பு நிரலையும் அப்படி ஒரு பதிவேடாகப் பார்த்தால் குறைகள் பளிச்சென்று தெரியும். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான நிரல்களில் செய்முறை மட்டுமே இருக்கிறது. எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, வட்டில் எவ்வளவு இடம், எவ்வளவு பதிவிறக்கம் என்ற 'தேவையான பொருள்கள்' இல்லை. எல்லாம் சரியாக அமைந்ததா என்று சோதித்துச் சொல்லும் 'முடிவு' இல்லை. பல நிரல்கள் கடைசியில் 'முடிந்தது' என்று மட்டும் அச்சிடுகின்றன. நடுவில் நான்கு படிகள் தோற்றிருந்தாலும் அதே சொல்தான் அச்சாகும், ஏனென்றால் ஒரு கட்டளை தோற்றாலும் ஷெல் அடுத்த வரிக்குப் போய்விடும். தோற்றால் நின்றுவிடு என்று மேலே ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத நிரல்களை மாணவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது மறுமுறை இயக்கம். ஒரு நிரலை இரண்டாம் முறை இயக்கினாலும் முதல்முறை கிடைத்த அதே நிலையே இருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. விளக்கு ஏற்கெனவே எரிந்தால் சுவிட்சைத் தொடாமல் விடுவது போல. ஆனால் நடைமுறையில் பார்த்தால், ஷெல்லின் தொடக்கக் கோப்பின் முடிவில் இரட்டை அம்புக்குறியால் ஒரு வரியைச் சேர்க்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே வரி மறுபடி சேரும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் ஒரு நிரலை ஐந்து முறை இயக்க நேரிடலாம். அந்தக் கோப்பில் ஐந்து வரிகள் இருக்கும். சேர்க்கும் முன் அந்த வரி ஏற்கெனவே உள்ளதா என்று தேடிப் பார்க்க இன்னும் ஒரு வரி போதும். எழுதியவர் ஒரே மூச்சில், வேகமான இணைப்பில், ஒரே முறை இயக்கிப் பார்த்ததால் அந்தத் தேவை அவருக்குத் தெரியவில்லை.

நிரல்கள் முதுமையடைவதைப் பற்றியும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதே ஆண்டு வந்த உபுண்டு 20.04இல் வெறுமனே 'பைத்தான்' என்ற கட்டளையே இயல்பாக இல்லை; 'பைத்தான்3' என்றுதான் அழைக்க வேண்டும். 2016இல் எழுதப்பட்ட நிரல் அங்கே முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். ஆதரவு முடிந்த உபுண்டு பதிப்புகளின் தொகுப்புகள் வழக்கமான முகவரியிலிருந்து எடுக்கப்பட்டுப் பழையவற்றுக்கான தனி முகவரிக்குப் போய்விடுகின்றன. அப்போது 404 என்ற பிழை வரும். மாணவர் தன் இணையத்தில்தான் கோளாறு என்று நினைத்து ரீசார்ஜ் செய்வார்.

ஒரே வரி நிறுவல்

ஒரு முகவரியிலிருந்து கர்ல் கட்டளையால் நிரலை இறக்கி, கோப்பாகச் சேமிக்காமல், குழாய்க்குறி வழியாக அப்படியே பாஷுக்கு ஊட்டும் வழக்கம் பரவிவிட்டது. பார்க்க அழகாக இருக்கும், ஒரே வரி. இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, மலை இணையத்துக்கே உரியது. இறங்கிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் வந்தவரைக்கும் உள்ள பாதி நிரலை பாஷ் இயக்கிவிடும். 'இந்தக் கோப்புறைக்குள் உள்ள இந்தத் துணைக் கோப்புறையை அழி' என்ற வரி பாதியில் அறுந்து 'இந்தக் கோப்புறையை அழி' என்று நின்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு நல்ல மாற்று உண்டு. நிரல் முழுவதையும் ஒரு செயற்கூற்றுக்குள் அடைத்து, அதை அழைக்கும் வரியைக் கோப்பின் இறுதியில் வைத்தால், முழுக் கோப்பும் வந்து சேராமல் எதுவும் நடக்காது. ரஸ்ட் மொழியின் ரஸ்ட்அப் நிறுவுநிரல் அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, நம்பிக்கை. கோட்கவ் என்ற நிறுவனத்தின் பாஷ் நிரல் ஒன்றை ஊடுருவியவர்கள் 2021 ஜனவரி 31 முதல் மாற்றி வைத்திருந்தார்கள். அதை இறக்கி இயக்கியவர்களின் சூழல் மாறிகள், அவற்றில் இருந்த கடவுச்சாவிகள் உட்பட, வேறிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏப்ரல் 1 அன்றுதான் தெரிந்தது. கண்டுபிடித்தவர் ஒரு வாடிக்கையாளர். இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் கிட்ஹப்பில் வெளியிடப்பட்டிருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை. இரண்டு மாதங்கள் அனுபவசாலிகள் பலர் செய்யாத காரியம் அது.

கையால் செய்து கற்பது

முதன்முதலில் கணினி வாங்கும் மாணவர் எல்லாவற்றையும் கையாலேயே நிறுவட்டும், அப்போதுதான் கற்பார் என்பது கல்லூரி ஆசிரியர்கள் பலரின் கருத்து. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தானாக அமைந்த கணினியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் மூன்றாண்டு கடத்தும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

இருந்தும், வகுப்பறையில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு பிழைச்செய்தியோடு தனியே உட்கார்ந்திருக்கும் பிள்ளை கற்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: இது எனக்கு வராது என்பதை. குளிரூட்டிய அறையில் பக்கத்து நாற்காலியில் தெரிந்த நண்பன் இருக்கும் பிள்ளைக்கு அதே பிழை பத்து நிமிட வேலை. கையால் நிறுவுவது இருவருக்கும் சம வாய்ப்பு தருகிறது என்று சொல்வது சரியாகாது. வாய்பாட்டை மனப்பாடம் செய்த பிறகுதான் அது ஏன் அப்படி என்று விளக்குகிறோம். முதல் நாளே எண்கோட்பாடு நடத்துவதில்லை. நிரலை இயக்கிக் கணினியை முதலில் வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவரட்டும். அடுத்த வாரம் அதே நிரலை வரிவரியாகப் படிக்கட்டும். அதற்கடுத்து ஒரு வரியைத் தானே மாற்றட்டும். ஆனால் இதற்கு அந்த நிரல் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அங்கேதான் நிக்ஸ் போன்ற மேலான கருவிகள் மாணவரிடம் தோற்கின்றன. ஈல்கோ டால்ஸ்ட்ரா 2003இல் தொடங்கி, 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக முனைவர் ஆய்வேடாக விளக்கிய நிக்ஸ், ஒரே எழுத்திலிருந்து எங்கும் ஒரே அமைப்பைக் கட்டுவதில் மற்ற எதைக் காட்டிலும் உறுதியானது. அதன் மொழியோ புதியவரை வாசலிலேயே நிறுத்திவிடும். டாக்கர் வேறு வகை. அது வட்டுப்படத்தின் பேரப்பிள்ளை. தரவுத்தளம் போன்றவற்றுக்குக் கைகொடுக்கும். பழைய மடிக்கணினியில் நினைவகம் போதாது, பதிவிறக்கமும் பெரிது.

தமிழ் எங்கே?

நான் பார்த்த அமைப்பு நிரல்களில் பெரும்பாலானவற்றில் நிறங்களுக்கும் முனையத்தின் அலங்காரத்துக்கும் முப்பது வரிகள் இருக்கும். தமிழுக்கு ஒரு வரி இருக்காது, தமிழர் எழுதியதாக இருந்தாலும். தமிழ்99 விசைப்பலகை 1999இல் அரசு ஏற்றுக்கொண்ட தரம். டெபியன், உபுண்டு இரண்டிலும் ஐபஸ் உள்ளீட்டு முறையும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவினால் அது கிடைத்துவிடும். எழுத்துருக்களுக்கு இன்னொரு தொகுப்பு. மொத்தம் இரண்டு வரிகள். நிரல் எழுதும் பிள்ளை தமிழில் குறிப்பு எழுத வேண்டாமா? தமிழ்ச் சொல்லை உள்ளீடாகக் கொடுத்துத் தன் நிரலைச் சோதிக்க வேண்டாமா?

முனையத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதில்லை என்பது உண்மையான தடை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும் முறையில் கொம்பும் காலும் விலகி நிற்கும். இது நிரல் எழுதுபவரின் குற்றமன்று. ஆனால் அதனால்தான் சோதனை இன்னும் தேவைப்படுகிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வருகிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறது. இத்தகைய இடங்களிலிருந்து தமிழ்க் குறிப்புகளோடு கூடிய ஒரு பொது அமைப்பு நிரல் வந்தால் அதைப் பள்ளிகள் ஏற்கத் தயங்கா.

இணையம் குறைந்த இடத்துக்கு ஒரு வழி

டெபியன் குடும்பத்தில் ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி உண்டு. எழுதியவர் இந்தியரான ரித்தேஷ் ராஜ் சராஃப். வேலை எளிது. வீட்டுக் கணினியில் என்னென்ன தொகுப்புகள் தேவை என்று ஒரு சிறு பட்டியல் கோப்பை அது உருவாக்கும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இணையம் உள்ள வேறொரு கணினியில் கொடுத்தால் வேண்டியதை எல்லாம் இறக்கி ஒரே பொதியாகக் கட்டித் தரும். திரும்ப வந்து வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். காலையில் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஆனாலும் வலையில் உலவும் அமைப்பு நிரல்களில் இதற்கு இடமளித்தவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆப்ட் தானும் ஒரு வகையில் பொறுமைசாலி. இறக்கிய தொகுப்புகளைத் தன் கிடங்கில் வைத்திருக்கும்; பாதியில் நின்றுபோன பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும். எனவே தேவையானவற்றை முடிந்தவரை ஆப்ட் வழியாகவே நிறுவும் நிரல் மலைக்கு ஏற்றது. தளத்துக்குத் தளம் போய்ப் புத்தம் புதிய பதிப்பை அள்ளிவரும் நிரல் நகரத்துக்கு ஏற்றது.

இறுதியாக, அந்த 'முடிவு' பகுதியில் என்ன எழுதலாம் என்பதற்கு ஒரு சிறு சோதனை. நிரல் முடியும்போது பைத்தானிடம் 'ஏற்காடு' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 7 என்று வந்தால் பைத்தான் 3 சரியாக அமைந்திருக்கிறது. யூனிகோடில் அச்சொல் ஏழு குறியீடுகள். 21 என்று வந்தால் பழைய பைத்தான் 2 இன்னும் உள்ளே இருந்து பதில் சொல்கிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வீதம் எண்ணியிருக்கிறது. அடுத்து முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நிரலகத்தைக் கொண்டு அதே சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஏ, ற், கா, டு என்று 4 வர வேண்டும்.